தண்ணீர் ஓடியும் தணியாத சூடு

வீட்டுக் கணினிக்குத் தண்ணீர்க் கூலர் வாங்குகிறவர் பெரும்பாலும் ஓர் எண்ணை மனத்தில் வைத்துத்தான் வாங்குகிறார். காற்றில் குளிரும் கூலரோடு 85 டிகிரி செல்சியஸ் காட்டிய பிராசசர் இனி 60-ஐத் தாண்டாது என்பது அவர் கணக்கு. பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் செலவழித்து, 360 மில்லிமீட்டர் ரேடியேட்டரைப் பெட்டியின் மேல்பக்கம் திருகி முடித்து, ஒரு வீடியோவை ரெண்டர் செய்யப் போட்டால் திரையில் 95 வந்து நிற்கிறது. அதற்கப்புறம் நடப்பது ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான். முதலில் பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே பூசும் பேஸ்டை மாற்றுவார். பிறகு ஃபேனை மாற்றுவார். கடைசியில் கூலரையே கழற்றிவிட்டு இன்னும் பெரிதாக ஒன்று வாங்குவார். எண் 93 ஆகும்.

95-க்குப் பத்துப் பன்னிரண்டு காரணங்கள் இருக்கலாம். எல்லாமே திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். அந்த எண்ணைவிட அதிகம் பேசுபவை வேறு மூன்று: அதை எட்ட எவ்வளவு நேரம் பிடித்தது, அப்போது குழாயில் ஓடும் திரவம் எவ்வளவு சூடாக இருந்தது, அறை எவ்வளவு சூடாக இருந்தது. இவை தெரிந்தால், திருப்புளியை எடுக்கும் முன்பே கோளாறு எந்த இடத்தில் என்று ஓரளவு சொல்லிவிடலாம். கோளாறே இல்லை என்றும் சொல்லிவிடலாம். அப்படிச் சொல்ல வேண்டிய சந்தர்ப்பங்கள் பலர் நினைப்பதைவிட அதிகம்.

மூன்று கைமாற்றங்கள்

இன்டெலின் கோர் ஐ9-13900கே பிராசசரை எடுத்துக்கொள்வோம். அது உச்சத்தில் இழுக்கும் மின்திறன் என்று இன்டெல் குறிப்பிடுவது 253 வாட். அந்த வெப்பம் முழுவதும் பிறப்பது ஏறத்தாழ இரண்டரை சதுர சென்டிமீட்டர் சிலிக்கான் துண்டில். 1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தட்டு சுமார் 200 சதுர சென்டிமீட்டர் இருக்கும். அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட். சிப்பில் அது 100 வாட். சட்டை தேய்க்கும் சூட்டைப்போல இருபது மடங்கு நெருக்கத்தில் வெப்பத்தைக் கக்கும் ஒன்றை 100 டிகிரிக்கு மேல் போகாமல் பிடித்து வைத்திருக்கிறோம் என்பதே பெரிய விஷயம்.

அந்த வெப்பம் வெளியேற மூன்று முறை கைமாற வேண்டும். முதலில் சிலிக்கானிலிருந்து அதன் உலோக மூடிக்கும், மூடியிலிருந்து பேஸ்ட் வழியாகக் கூலரின் செம்புத் தட்டுக்கும். அடுத்து, செம்புத் தட்டின் உட்பக்கம் சீப்புப் பற்களாக அறுத்திருக்கும் நுண்ணிய இடுக்குகளில் ஓடும் திரவத்துக்கு. மூன்றாவது, திரவத்திலிருந்து ரேடியேட்டர் தகடுகள் வழியாகக் காற்றுக்கு. தண்ணீர் எதையும் குளிர்விப்பதில்லை; வெப்பத்தை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகிறது, அவ்வளவுதான். இறுதியில் எல்லாம் அறைக் காற்றில்தான் வந்து சேர வேண்டும். ஆகவே அறையின் வெப்பநிலைக்குக் கீழே தண்ணீர் ஒருபோதும் இறங்காது. இதில் ஒரு நன்மையும் உண்டு. கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் குழாய் வியர்த்து மதர்போர்டு நனையுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள்; அறையைவிடக் குளிராத குழாய் வியர்க்காது.

இந்த மூன்று இடங்களும் வெவ்வேறு வேகத்தில் சூடாகின்றன என்பதுதான் நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய வசதி. சிலிக்கான் துண்டின் எடை ஒரு கிராமுக்கும் குறைவு. அது சூடேற ஒரு நொடிகூட வேண்டாம். திரவம் அப்படியல்ல. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 4186 ஜூல் ஆற்றல் வேண்டும். கூலருக்குள் 300 மில்லிலிட்டர் திரவம் இருக்கிறது, பம்ப் ஓடுகிறது, ஆனால் ரேடியேட்டர் ஃபேன்கள் நின்றுவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். 250 வாட் முழுவதும் அந்தத் திரவத்தில் இறங்கினாலும் அது நிமிடத்துக்கு 12 டிகிரிதான் ஏறும். ஃபேன்கள் ஓடினால் இன்னும் மெதுவாக ஏறி, பத்து இருபது நிமிடங்களில் ஓரிடத்தில் நிலைகொள்ளும்.

எனவே வேலை தொடங்கிய ஒன்றிரண்டு நொடிகளிலேயே 40-லிருந்து 90-க்குத் தாவினால் குற்றம் தண்ணீர் மேல் இல்லை. தண்ணீருக்குச் செய்தியே போய்ச் சேர்ந்திருக்காது. முதல் கைமாற்றத்தில் அடைப்பு, அல்லது பிராசசருக்குள் போகும் மின்சாரமே அளவுக்கு மீறியது. முதலில் 70-இல் அமைதியாக நின்று, கால் மணி நேரத்தில் ஊர்ந்து ஊர்ந்து 90 ஆனால் மூன்றாவது கைமாற்றத்தைச் சந்தேகிக்க வேண்டும்: ரேடியேட்டர், ஃபேன், பெட்டிக்குள் சுற்றும் காற்று, அறை. இரண்டுக்கும் நடுவே, அரை நிமிடம் ஒரு நிமிடத்துக்குள் நிற்காமல் ஏறி உச்சவரம்பில் போய் முட்டி, பிராசசர் தன் வேகத்தைத் தானே வெட்டிக்கொண்டால், திரவம் நகரவில்லை என்று பொருள். பம்ப்.

எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவசச் சாஃப்ட்வேர் இந்த ஏற்றத்தை நொடிக்கு நொடி கோப்பில் எழுதிவைக்கும். சினிபெஞ்ச் சோதனையை அரை மணி நேரம் ஓடவிட்டு அந்தக் கோப்பை வரைபடமாகப் பார்ப்பது, கூலரைக் கழற்றி மாட்டுவதைவிட எளிது. பிரைம்95-இல் சோதிப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அது மெர்சென் பகா எண்களைத் தேடுவதற்காக 1990-களில் எழுதப்பட்ட நிரல். அதன் ‘சித்திரவதைச் சோதனை’ பிராசசரின் கணக்குப் போடும் பகுதிகளை அன்றாட வேலை எதுவும் விரட்டாத அளவுக்கு விரட்டும். அதில் 100-ஐத் தொட்ட கணினி விளையாட்டிலும் வீடியோ வேலையிலும் 75-ஐத் தாண்டாமல் பல ஆண்டுகள் ஓடக்கூடும்.

மூடி வைத்த சுற்று

தண்ணீரால் கணினியைக் குளிர்விப்பது புதிய யோசனை அல்ல. 1980-இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 3081 பெருங்கணினியின் சிப்புகள் அடுக்கிய தொகுதிகளின் முதுகில் குளிர்நீர் ஓடியது. 1985-இல் வந்த கிரே-2 சூப்பர் கணினியில் மின்சுற்றுகளையே ஃப்ளூரினெர்ட் என்ற, மின்சாரம் கடத்தாத திரவத்தில் மூழ்க வைத்திருந்தார்கள். வீட்டுக்கு இதைக் கொண்டுவந்தவர்கள் பிராசசரை அளவுக்கு மேல் விரட்டிப் பார்க்கும் பொழுதுபோக்காளர்கள். மீன்தொட்டிப் பம்ப், பழைய காரின் ஹீட்டரிலிருந்து கழற்றிய ரேடியேட்டர், பட்டறையில் கடைந்த செம்புக் கட்டி ஆகியவைதான் அவர்களுடைய தளவாடம். 2004-இல் ஆப்பிள் 2.5 கிகாஹெர்ட்ஸ் பவர் மேக் ஜி5-ஐத் திரவக் குளிர்விப்போடு விற்றது. அவற்றில் சில பின்னாளில் கசிந்து உள்ளே இருந்தவற்றை அரித்ததைப் பழுதுபார்ப்பவர்கள் இன்றும் சொல்கிறார்கள். டென்மார்க்கின் ஏசெடெக் நிறுவனம் பம்பையும் செம்புத் தட்டையும் ஒரே கட்டியாக இணைத்து, ஆலையிலேயே திரவம் நிரப்பி மூடிய கூலர்களைச் செய்தது. அந்த வகையில் கோர்சேரின் எச்50 2009-இல் வந்தபோது தண்ணீர்க் குளிர்விப்பு எல்லோர் கைக்கும் எட்டியது.

எட்டியதற்கு ஒரு விலையும் இருந்தது. பழைய பொழுதுபோக்காளரின் சுற்றில் குழாய் கண்ணாடிபோல் இருக்கும். திரவம் ஓடுகிறதா, குமிழி இருக்கிறதா, நிறம் மாறுகிறதா என்று பார்த்தே தெரிந்துகொள்ளலாம். மூடிய கூலரில் கறுப்புக் குழாய், மூடிய பம்ப், திறக்கக் கூடாத மூடி. உள்ளே என்ன நடக்கிறது என்பதை வெளியிலிருந்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. நேரமும் வெப்பநிலையும் வைத்துக் கண்டுபிடிக்கும் முறை இன்று முக்கியமானது அதனால்தான்.

எதைக் காட்டுகிறது அந்த எண்?

கோளாறு தேடுவதற்கு முன் சென்சாரை ஒரு முறை சந்தேகிப்பது நல்லது. 2017-இல் ஏஎம்டி வெளியிட்ட ரைசன் 7 1800எக்ஸ், 1700எக்ஸ் இரண்டும் உண்மையான வெப்பநிலையோடு 20 டிகிரியைக் கூட்டியே வெளியே சொல்லின. எல்லா வகைப் பிராசசரிலும் ஃபேன் ஒரே மாதிரி ஓட வேண்டும் என்பதற்காக ஏஎம்டி வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. விஷயம் தெரியாமல் எத்தனையோ பேர் நல்ல கூலரைக் கழற்றி மாட்டியிருப்பார்கள். இன்டெலின் உள்சென்சாரும் நேராக வெப்பநிலையைச் சொல்வதில்லை. உச்சவரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்பதைத்தான் சொல்கிறது. சாஃப்ட்வேர் அதைக் கழித்துக் காட்டுகிறது. வரம்புக்கு அருகில் அது நம்பகமானது. சும்மா இருக்கும்போது காட்டும் 31, 34 போன்றவற்றில் சில டிகிரி முன்பின் இருக்கும். அறை 33 டிகிரியாக இருக்கையில் பிராசசர் 30 என்று சொன்னால் கூலரை மெச்ச வேண்டாம்.

சும்மா இருக்கும்போதே 60, 65 காட்டினால் முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்க்க வேண்டும். பின்னணியில் கோப்புகளை வரிசைப்படுத்தும் நிரலோ, வைரஸ் தேடலோ, தெரியாமல் புகுந்த கிரிப்டோ சுரங்க நிரலோ ஓடிக்கொண்டிருக்கலாம். ரைசன் பிராசசர்கள் ஒரு சின்ன வேலைக்குக்கூட ஒரு கோரை உச்ச வேகத்துக்கு உயர்த்திவிட்டு உடனே இறக்கும்; எண் 40-க்கும் 60-க்கும் இடையே துள்ளும். அது இயல்பு. ஃபேன் வேகத்தைப் பிராசசர் வெப்பநிலையோடு கட்டி வைத்திருந்தால் அந்தத் துள்ளலுக்கெல்லாம் ஃபேன் சீறி அடங்கும். கூலரில் திரவத்துக்கென்று சென்சார் இருந்தால் ஃபேனை அதோடு கட்டுவது நல்லது. திரவம் நிதானமானது, ஃபேனும் நிதானமாக இருக்கும்.

தட்டும் மூடியும் சேரும் இடம்

முதல் கைமாற்றத்தில் நிகழும் தவறுகளில் சிரிப்பு வரவழைப்பது செம்புத் தட்டின் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலேயே கூலரைப் பொருத்துவது. பழக்கமான கைகளுக்கும் இது நேர்கிறது. மற்றதெல்லாம் நுட்பமானது. செம்பு வெப்பத்தைக் கடத்தும் திறன் மீட்டர்-டிகிரிக்கு ஏறக்குறைய 400 வாட், நல்ல பேஸ்டின் திறன் பத்தை ஒட்டி, காற்றுக்கோ 0.03-க்கும் குறைவு. பேஸ்டின் வேலை இரண்டு உலோகப் பரப்புகளுக்கு இடையே உள்ள காற்றை விரட்டுவது மட்டும்தான். மெல்லிய படலமாக, இடைவெளி இல்லாமல் இருந்தால் போதும். எந்தக் கோலத்தில் வைக்க வேண்டும், பட்டாணி அளவா பெருக்கல் குறியா என்று நடக்கும் சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. அழுத்தம் சரியாக இருந்தால் எல்லாக் கோலமும் பரவும். அழுத்தம் சரியில்லை என்றால் எந்தக் கோலமும் உதவாது.

அழுத்தம்தான் இங்கே உண்மையான விஷயம். 2021 இறுதியில் இன்டெல் எல்ஜிஏ1700 சாக்கெட்டைக் கொண்டுவந்தபோது மதர்போர்டில் கூலர் துளைகளின் இடைவெளி 75 மில்லிமீட்டரிலிருந்து 78 ஆனது. மூடியின் உயரமும் சற்றே குறைந்தது. பழைய கூலரைப் பழைய கிளிப்போடு எப்படியோ பொருத்தியவர்களுக்குத் தட்டு மூடியைத் தொட்டும் தொடாமலும் நின்றது. இதற்கென வந்த புதிய கிளிப்பைக் கூலர் நிறுவனங்கள் தனியே அனுப்பிவைத்தன. அதே சாக்கெட்டில் இன்னொரு சிக்கலும் தெரிந்தது: நீளமான பிராசசரை நடுவில் மட்டும் அழுத்திப் பிடிக்கும் கொக்கி, நாளடைவில் அதன் மூடியைச் சற்றே வளைத்தது. கொக்கிக்குப் பதில் நான்கு பக்கமும் சமமாக அழுத்தும் சட்டத்தைத் தெர்மல் கிரிஸ்லி, தெர்மல்ரைட் போன்ற நிறுவனங்கள் விற்கின்றன. அதனால் குறைவது சில டிகிரிதான். மற்றதெல்லாம் சரியாக இருக்கும்போது மட்டுமே அந்தச் சில டிகிரிக்கு மதிப்பு. கூலரின் நான்கு திருகுகளை ஒன்றை முழுக்க முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும் என்பது எல்லாச் சாக்கெட்டுக்கும் பொது.

பேஸ்டும் என்றென்றைக்கும் இருப்பதில்லை. சூடாகி ஆறும்போதெல்லாம் உலோகம் விரிந்து சுருங்கி அதை ஓரத்துக்குத் தள்ளும். இரண்டு மூன்று ஆண்டுகளில் நடுவில் வறண்ட திட்டு உருவாகலாம். ஹனிவெல்லின் பிடிஎம்7950 போல, சூட்டில் இளகிப் பரவும் தாள்களில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. திரவ உலோகம் எனப்படும் காலியக் கலவை வெப்பத்தை இன்னும் நன்றாகக் கடத்தும். ஆனால் அது அலுமினியத்தைத் தின்றுவிடும். சிந்தினால் மின்சாரத்தையும் கடத்தும். வீட்டில் ஒரு முறை செய்து பார்க்கும் கைகளுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

கூலரால் எட்டவே முடியாத இடம் ஒன்றும் உண்டு: மூடிக்கு உள்ளே. 2012-இல் ஐவி பிரிட்ஜ் தலைமுறையிலிருந்து இன்டெல் தன் வழக்கமான டெஸ்க்டாப் பிராசசர்களில் சிலிக்கானையும் மூடியையும் ஈயம்போல் பற்றவைப்பதை விட்டுவிட்டுப் பேஸ்டைப் பூசியது. 2017-இல் கோர் ஐ7-7700கே வாங்கியவர்கள் ஒரு சாளரத்தைத் திறந்தாலே 90-க்குத் தாவுகிறது என்று முறையிட்டார்கள். எவ்வளவு பெரிய ரேடியேட்டர் வைத்தாலும் அந்தத் தாவல் நிற்கவில்லை, ஏனென்றால் தடை இருந்தது மூடிக்கு அந்தப் பக்கம். சிலர் மூடியையே பெயர்த்து உள்ளே திரவ உலோகம் தடவினார்கள். 2018-இல் ஐ9-9900கே-யில்தான் பற்றவைப்பு திரும்பி வந்தது.

பம்ப் பொய் சொல்லும் நேரம்

இரண்டாவது கைமாற்றத்தைச் சோதிக்கக் கை போதும். பிராசசருக்கு வேலை கொடுத்துச் சில நிமிடங்கள் கழித்து இரண்டு குழாய்களையும் தொட்டுப் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் திரவம் ஓடினால், 250 வாட் அதைச் சூடாக்குவது மூன்றரை டிகிரிதான். ஆகவே ஓட்டம் சரியாக இருக்கும் கூலரில் உள்ளே போகும் குழாயும் வெளியே வரும் குழாயும் கைக்கு ஏறக்குறைய ஒரே சூடாகத்தான் இருக்கும். ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்திருந்தால், அல்லது பிராசசர் 100-இல் கொதிக்கும்போது இரண்டுமே அறைச் சூட்டில் இருந்தால், திரவம் நகரவில்லை.

நகராததற்கு அற்பமான காரணம் மதர்போர்டின் பயாஸ் அமைப்புகளில் இருக்கலாம். பம்ப் வயரை ஃபேனுக்கான முனையில் செருகியிருப்பார்கள். மதர்போர்டு அதையும் ஃபேன் என்று நினைத்து, சத்தம் வராமல் மெதுவாகச் சுற்றவிடும். பெரும்பாலான கூலர் பம்புகள் நிமிடத்துக்கு 2000 முதல் 3000 சுற்று வரை ஓட வேண்டியவை. அந்த முனையை எப்போதும் முழு வேகத்துக்கு மாற்றிவிட்டால் பல கூலர்கள் அன்றே குணமாகிவிடும். திரையில் 2800 சுற்று என்று காட்டுவது மட்டும் போதுமான சாட்சியம் அல்ல. உள்ளே சக்கரம் சுற்றலாம். இடுக்கு அடைத்திருந்தால் திரவம் போகாது. செம்புத் தட்டின் இடுக்குகளின் அகலம் ஒரு மில்லிமீட்டரைவிட மிகக் குறைவு. துருவோ படிவோ சேர்ந்தால் முதலில் அடைவது அங்கேதான். 2021-இல் எம்எஸ்ஐ நிறுவனம் தன் மேக் கோர்லிக்விட் 240ஆர், 360ஆர் கூலர்களில் இப்படிப் படிவு சேர வாய்ப்புண்டு என்று ஒப்புக்கொண்டு மாற்றித்தர முன்வந்தது. தட்டு செம்பு, ரேடியேட்டர் அலுமினியம், நடுவில் திரவம் என்றால் அது மின்கலத்தின் அமைப்பு. அரிப்பைத் தடுக்கும் மருந்து திரவத்தில் கலந்திருக்கும்வரைதான் அமைதி.

காற்றுக் குமிழி இன்னொன்று. எந்த மூடிய கூலரிலும் கொஞ்சம் காற்று இருக்கும். ஆண்டுகள் போகப் போக ரப்பர் குழாயின் சுவர் வழியாகத் திரவம் கசிந்து ஆவியாவதால் அது பெருகும். சுற்றில் எது உயரமோ அங்கே காற்று போய்த் தங்கும். ரேடியேட்டர் பெட்டியின் கூரையில் இருந்தால் தொல்லையில்லை. முன்பக்கம் நிமிர்த்தி வைத்தாலும் அதன் உச்சி பம்பைவிட உயரமாக இருந்தால் போதும். பெட்டியின் அடியில் ரேடியேட்டரை வைத்தால் பம்பே உச்சியாகிவிடும். குமிழி அங்கே வந்து உட்காரும், பம்ப் காற்றைக் கடைந்து தேயும். கணினியை இயக்கியதும் கொப்பளிக்கும் சத்தம் ஓரிரு நிமிடம் வந்து அடங்கினால் பரவாயில்லை. ஓயாமல் வந்தால் பெட்டியை இப்படியும் அப்படியும் சாய்த்துக் குமிழியை ரேடியேட்டருக்கு விரட்டிப் பார்க்கலாம்.

மூடிய சுற்று வேண்டாம் என்று தாங்களே குழாய் பொருத்திக்கொள்பவர்களின் வியாதிகள் வேறு. மலிவான பிளாஸ்டிக் குழாயிலிருந்து மென்மையூட்டும் பொருள் கரைந்து வந்து இடுக்கில் பசையாகப் படியும். வெளிச்சம் படும் தெளிந்த திரவத்தில் பாசி பிடிக்கும். நம் ஊர்களில் மூன்றாவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும்: போர்வெல் தண்ணீர். கெட்டிலில் வெள்ளையாகப் படியும் அதே உப்பு செம்பு இடுக்கிலும் படியும். ஆர்ஓ தண்ணீரிலும் உப்பு முழுக்கப் போயிருக்காது. டிஸ்டில்ட் வாட்டரோடு அரிப்புத் தடுப்பான் சேர்த்து ஊற்றுவதோ, இதற்கென விற்கும் திரவத்தை வாங்குவதோதான் வழி.

அறை எனும் கடைசிப் படி

ரேடியேட்டரில் நேரும் தவறுகள் கண்ணுக்குத் தெரிபவை, சீக்கிரம் சொல்லிவிடலாம். தகடுகளுக்கு இடையே தூசி மெத்தையாகப் படிந்திருக்கும், அதுவும் ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே, கழற்றினால்தான் தெரியும் இடத்தில். மூன்று ஃபேன்களில் ஒன்றைத் திருப்பி மாட்டியிருப்பார்கள். இரண்டு வெளியே தள்ளும் காற்றை அது உள்ளே இழுக்கும். பெட்டியின் முகப்பு கண்ணாடியாக இருக்கும். காற்று நுழைய இடமே இருக்காது. பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு அதே சோதனையை மறுபடி ஓட்டுங்கள். ஐந்து டிகிரிக்கு மேல் குறைந்தால் குற்றவாளி பெட்டி, கூலர் அல்ல. விளையாடும்போது மட்டும் சூடேறுகிறது என்பவர்களுக்கும் இதே சோதனைதான். 300 வாட் கக்கும் கிராஃபிக்ஸ் கார்டு பெட்டிக்குள் வெப்பத்தைக் கொட்ட, கூரையில் இருக்கும் ரேடியேட்டர் அந்தச் சூடான காற்றை வாங்கித்தான் பிராசசரைக் குளிர்விக்கப் பார்க்கிறது.

அறையைப் பற்றி மட்டும் நின்று பேச வேண்டும். கூலர்களைச் சோதித்து வெளியாகும் மேலைநாட்டு மதிப்புரைகள் பெரும்பாலும் 20, 22 டிகிரி அறையில் எடுத்தவை. மே மாதச் சென்னையிலோ வேலூரிலோ ஏசி போடாத அறை பகலில் 35-ஐத் தாண்டுவது சாதாரணம். அறை ஒரு டிகிரி ஏறினால் திரவமும் பிராசசரும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். மதிப்புரையில் 78 காட்டிய அதே கூலர், அதே பிராசசர், அதே வேலையில் இங்கே 92 காட்டினால் எதுவும் கெடவில்லை. ஆகவே வெப்பநிலையை அறையைவிட எவ்வளவு கூடுதல் என்றுதான் ஒப்பிட வேண்டும். திரவத்தின் வெப்பநிலை தெரிந்தால் இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம். முழு வேலையில் திரவம் அறையைவிட 10 முதல் 15 டிகிரி கூடுதலாக நின்றால் ரேடியேட்டர் தன் வேலையைச் செய்கிறது. அப்போதும் பிராசசர் 95 என்றால் தடை முதல் கைமாற்றத்தில். திரவமே 55, 60-க்குப் போனால் ரேடியேட்டர் பக்கம் பார்க்க வேண்டும்.

நம் வீடுகளுக்கே உரிய ஒன்று, கணினி மேசையின் கீழ்ப்பெட்டி. முன்னால் கதவு, பின்னால் வயர் போக ஒரு துளை. பழைய நாளின் 60 வாட் கணினிக்குச் செய்த மர அறைக்குள் 400 வாட் இழுக்கும் பெட்டியை வைத்துக் கதவையும் சாத்திவிட்டால், அது வெளியேற்றிய வெப்பத்தையே திரும்பத் திரும்ப உறிஞ்சும். அங்கே 240 ரேடியேட்டரை 360 ஆக்குவது வீண் செலவு. பெட்டியைத் தூக்கி வெளியே வைப்பதற்குச் செலவே இல்லை.

கோளாறே இல்லாத கோளாறு

இதுவரை சொன்னதையெல்லாம் சரிபார்த்தும் 95 மாறவில்லை என்றால், அந்த 95 வடிவமைப்பிலேயே இருக்கலாம். 2022 செப்டம்பரில் ரைசன் 7000 வரிசையை வெளியிட்டபோது, முழு வேலையில் 95 டிகிரியைத் தொட்டு அங்கேயே நின்று ஓடுவதற்காகவே இவற்றைச் செய்திருக்கிறோம் என்று ஏஎம்டி வெளிப்படையாகச் சொன்னது. கூலர் நன்றாக இருந்தால் வெப்பநிலை குறைவதற்குப் பதில் வேகம் கூடும். பழைய கூலர்களும் பொருந்த வேண்டும் என்பதற்காக மூடியைத் தடிமனாக்கினார்கள். வெப்பம் பிறக்கும் சிலிக்கான் துண்டோ 70 சதுர மில்லிமீட்டர் அளவுதான். அந்த நெருக்கத்தின் முன்னால் ரேடியேட்டரின் நீளம் பெரிதாக எதையும் மாற்றுவதில்லை. ஒவ்வொரு பிராசசருக்கும் வரம்பு வேறு: ரைசன் 7 7800எக்ஸ்3டி-க்கு 89, ஐ9-13900கே-க்கு 100, கோர் அல்ட்ரா 9 285கே-க்கு 105. தன் பிராசசரின் வரம்பு என்னவென்று தெரியாமல் 90-ஐக் கண்டு பதறுவதில் பயனில்லை.

இன்டெல் பக்கத்தில் கதை வேறு மாதிரி. 253 வாட் என்று இன்டெல் எழுதிய வரம்பைப் பல மதர்போர்டுகள் ஆலையிலிருந்து வரும்போதே தூக்கிவிட்டிருந்தன. பயாஸில் மின்திறன் வரம்பு 4096 வாட் என்று நிற்கும். வரம்பே இல்லை என்பதற்கான குறி அது. சோதனைகளில் பக்கத்துக் கம்பெனி போர்டைவிட ஒன்றிரண்டு விழுக்காடு முன்னே நிற்பதற்காகச் செய்த வேலை. வாங்கியவருக்கு 300 வாட்டுக்கு மேல் கொதிக்கும் பிராசசரும், கூலர் சரியில்லை என்ற சந்தேகமும்தான் மிச்சம். 2024-இல் 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் பிராசசர்கள் காரணமின்றி நின்றுபோகும் புகார்கள் பெருகியபோதுதான் இது பொதுவெளிக்கு வந்தது. இன்டெல் தன் இயல்புநிலை அமைப்புகளையே பயன்படுத்தச் சொன்னது. பிராசசர் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்கும் கோளாறைச் சரிசெய்யும் 0எக்ஸ்129 மைக்ரோகோடு ஆகஸ்டில் வந்தது. உத்தரவாதக் காலமும் இரண்டு ஆண்டு நீண்டது. அந்தப் பிராசசர் வைத்திருப்பவர் சூட்டைப் பற்றி யோசிக்கும் முன் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும்.

ஆகவே என் வரிசை பயாஸில் தொடங்குகிறது. மின்திறன் வரம்பை நிறுவனம் சொன்ன அளவுக்கு இறக்க வேண்டும். ரைசனில் ஈகோ மோடு என்ற தேர்வு உண்டு. 170 வாட் என்று விற்கப்படும் 7950எக்ஸ்-ஐ அது 105 வாட் பிராசசராக ஓட்டும். வெப்பநிலை பெருமளவு இறங்கும். வேகத்தில் இழப்பது அதைவிட மிகக் குறைவு, ஏனென்றால் கடைசிச் சில விழுக்காடு வேகத்துக்குத்தான் இந்தச் சிப்புகள் மின்சாரத்தை வாரி இறைக்கின்றன. வோல்டேஜைச் சற்றே குறைப்பதும் அதே பலனைத் தரும். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் சில மணி நேரம் சோதித்துப் பார்க்கும் பொறுமை வேண்டும். அதன் பிறகு பம்ப் வேகம், அதற்குப் பிறகு பெட்டிக் காற்று. பேஸ்ட் இந்த வரிசையில் நான்காவது. தொடங்கிய நொடியிலேயே எண் தாவினால் மட்டும் அதை முன்னுக்குக் கொண்டுவரலாம்.

பம்ப் உண்மையிலேயே செத்துவிட்டால் மூடிய கூலரைச் சரிசெய்ய வழியில்லை. ஐந்து ஆறு ஆண்டு உத்தரவாதத்தில் இன்னும் காலம் பாக்கி இருந்தால் மாற்றித் தருவார்கள். இல்லையென்றால் மறுபடியும் தண்ணீர்க் கூலர்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 125 வாட் பிராசசருக்கு, ஏசி இல்லாத அறையிலும், இரண்டு கோபுரம் வைத்த நல்ல காற்றுக் கூலர் போதும்; பாதி விலைக்குக்கூடக் கிடைக்கும். அது கெட்டுப்போகும் விதமும் வேறு. ஃபேன் நின்றுபோனால்கூடச் செம்புக் குழாய்களும் தகடுகளும் கொஞ்சம் வெப்பத்தையாவது காற்றில் விட்டுக்கொண்டிருக்கும்; கணினி மெதுவாகும், ஆனால் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பைச் சேமித்துவிட்டு அணைக்க நேரம் கிடைக்கும். செத்த பம்ப் பெரும்பாலும் அந்த நேரத்தைத் தருவதில்லை. புது ஃபேன் சில நூறு ரூபாய். திருப்புளிகூட வேண்டாம், இரண்டு கம்பிக் கொக்கிகளைத் தளர்த்தி மாட்டிவிடலாம்.